மூளைக்காய்ச்சல் தடுப்பூசி உத்திகளைக் கணித மாதிரியால் ஒப்பிடுவது எப்படி? டர்பனில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முதுநிலைப் படிப்புக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்திருப்பீர்கள். இல்லை, இந்த நகரின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பிறந்து வளர்ந்து கணிதமோ பொதுச் சுகாதாரமோ எடுத்திருப்பீர்கள். ஆய்வுத் தலைப்பாக "மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி உத்திகள்: ஒரு கணித மாதிரி ஒப்பீடு" என்று ஒன்று கைக்கு வந்துவிட்டது. மெனிங்கோகாக்கஸ் என்பது மூளைக்காய்ச்சல் தரும் ஒரு பாக்டீரியா. சமன்பாடு எழுதத் தெரிந்தால் போதும் என்று இறங்கினால், முதல் சில மாதங்கள் அனுமதிக் கடிதத்துக்கும் தரவுக்கும் காத்திருப்பதிலேயே போய்விடும். மீதி மாதங்கள் தவறான கேள்விக்குச் சரியான விடை தேடுவதில் போகும். இரண்டையும் தவிர்க்கத்தான் இந்தப் படிகள்.

வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, மூன்றாவது படி முடியும்வரை நிரல் பக்கம் போகவே வேண்டாம்.

1. கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

"எந்த உத்தி சிறந்தது?" என்பது கேள்வியே அல்ல. கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் விடை எழுத முடிந்தால்தான் அது கேள்வி.

எந்தக் கிருமி, அதில் எந்த வகை (ஏ, பி, சி, டபிள்யூ, ஒய் போன்றவை)? எந்த மக்கள்தொகை: நாடு முழுவதுமா, டர்பன் உள்ள குவாசுலு-நடால் மாகாணம் மட்டுமா? எந்தெந்த உத்திகள்: கைக்குழந்தைகளுக்கு வழக்கமான அட்டவணையில் போடுவதா, 15 வயதினருக்குப் பள்ளியில் போடுவதா, ஒரே தடவை பெரிய முகாமா, முகாமும் அட்டவணையும் சேர்ந்தா? எத்தனை ஆண்டுகளுக்குப் பார்க்கப் போகிறீர்கள்? எதை அளக்கப் போகிறீர்கள்: நோயாளிகள் எண்ணிக்கையா, இறப்பா, ஒரு டோஸுக்குத் தவிர்த்த நோயா, ரேண்டில் செலவா?

"தடுப்பூசியே போடாமல் இருப்பது" என்ற உத்தியை மறக்காமல் சேருங்கள். தென்னாப்பிரிக்காவில் அரசின் வழக்கமான அட்டவணையில் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி இல்லை என்பதால், இங்கே இன்றைய நிலையே அதுதான். ஹஜ் பயணம் போகிறவர்கள் கட்டாயமாகப் போட்டுக்கொள்வதும், காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டுக்கொள்வதும் உண்டு. மாகாண அளவிலான மாதிரியில் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கு வராது; இருந்தாலும் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், தேர்வாளர் கேட்பார்.

2. எந்த ஊர்க் கதையை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில். ஆப்பிரிக்காவில் மூளைக்காய்ச்சல் மாதிரி என்று தேடினால் வருவதெல்லாம் செனகல் முதல் எத்தியோப்பியா வரை 26 நாடுகள் கொண்ட "மூளைக்காய்ச்சல் வளையம்" பற்றியவை. அங்கே 2010 டிசம்பரில் புர்க்கினா ஃபாசோ, மாலி, நைஜர் நாடுகளில் ஏ வகைக்கான மென்ஆஃப்ரிவாக் பெருமுகாம்கள் தொடங்கின. 1 முதல் 29 வயது வரை எல்லோருக்கும் ஒரே ஊசி. புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பு. ஒரு டோஸ் அரை டாலருக்கும் கீழே. ஏ வகை நோய் அந்த நாடுகளில் ஏறக்குறைய காணாமல் போனது. அதன்பின் வந்த மாதிரிகள், முகாமோடு நிறுத்திவிட்டால் சுமார் 15 ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைதூக்கும் என்று காட்டின. 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு அட்டவணையில் ஒரு டோஸ் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்கு இந்தக் கணக்குகள் கைகொடுத்தன. இப்போது அங்கே ஐந்து வகைகளுக்கான புதிய ஊசி வந்திருக்கிறது. 2024இல் நைஜீரியா அதை முதலில் போட ஆரம்பித்தது.

தென்னாப்பிரிக்கா அந்த வளையத்தில் இல்லை. இங்கே நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. வளையத்தில் வறண்ட காற்று வீசும் மாதங்களில் கொத்துக்கொத்தாக வருவதுபோல் அல்ல. இங்கே உச்சம் மே முதல் அக்டோபர் வரை, குளிர்காலமும் அதை ஒட்டிய மாதங்களும். வகையும் வேறு: முன்பு டபிள்யூ மேலோங்கியிருந்தது, பிறகு பி முன்னுக்கு வந்தது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குத்தான் தாக்கம் அதிகம். எச்ஐவி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. வளையத்து மாதிரியின் அளபுருக்களை (சமன்பாட்டில் போடும் எண்களை) அப்படியே எடுத்து, மக்கள்தொகையை மட்டும் டர்பனுக்கு மாற்றினால், கிடைப்பது டர்பன் என்று பெயர் ஒட்டிய புர்க்கினா ஃபாசோதான்.

இன்னொரு பொறி: "மூளைக்காய்ச்சல்" என்ற பெயரில் வரும் எல்லா எண்ணையும் ஒன்றாகக் கூட்டுவது. இந்த நாட்டுப் பெரியவர்களிடம் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாலும் காசநோயாலும் வரும் மூளைக்காய்ச்சல் நிறைய. மூளைக்காய்ச்சல் தரும் வேறு இரு பாக்டீரியாக்களுக்கு எதிராகக் குழந்தைகளுக்கு ஹிப் ஊசி 1999 முதலும் நிமோகாக்கஸ் ஊசி 2009 முதலும் அட்டவணையில் இருப்பதால் அந்தக் கிருமிகளின் எண்கள் தனிப் போக்கில் இறங்கியிருக்கும். ஆய்வகத்தில் உறுதியான மெனிங்கோகாக்கஸ் எண்களை மட்டும் எடுங்கள்.

3. ஆவணங்கள்: முதல் வாரமே தொடங்குங்கள்

நோயாளியைத் தொடவே போவதில்லை, எதற்கு நெறிமுறைக் குழு என்று கேட்கத் தோன்றும். வெளியான அறிக்கைகளில் உள்ள எண்கள் மட்டும் போதும் என்றாலும், முழுப் பரிசீலனை தேவையில்லை என்ற விலக்குக் கடிதம் ஒன்றை உங்கள் பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் வாங்கிவிடுங்கள். ஆய்விதழ் அந்தக் கடித எண்ணைக் கேட்கும். ஆய்வு முடிந்தபின் விண்ணப்பித்தால் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: துறை ஏற்றுக்கொண்ட ஆய்வுத் திட்டம், உங்கள் ஆய்வை மேற்பார்வையிடும் வழிகாட்டியின் கையெழுத்து, உங்களுக்கும் வழிகாட்டிக்கும் ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ் (இணையத்தில் இலவசமாகவே முடிக்கலாம், ஒரு நாள் வேலை), தரவை எங்கே எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்ற ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தை அலட்சியமாக எழுதாதீர்கள். உடல்நலத் தகவல் இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறப்புப் பாதுகாப்பு பெற்றது. பெயர் நீக்கிய பட்டியலிலும் பிறந்த தேதி, வார்டு, மருத்துவமனை மூன்றும் இருந்தால் ஆளை அடையாளம் காணலாம். மாதிரிக்கு உங்களுக்கு வேண்டியது வயதும் மாதமும் மாகாணமும் கிருமி வகையும் மட்டுமே. வேண்டாத கட்டத்தைக் கேட்காமல் விட்டால் அனுமதியும் சீக்கிரம் வரும்.

மாகாண மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து எடுப்பதானால் கூடுதல் சுற்று உண்டு. தேசிய சுகாதார ஆய்வுத் தரவுத்தளத்தில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனையின் ஆதரவுக் கடிதமும் வேண்டும். இங்கே பலர் ஒரு வட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்: மாகாணம் நெறிமுறை அனுமதி எங்கே என்கும், நெறிமுறைக் குழு மாகாண அனுமதி எங்கே என்கும். வெளியே வரும் வழி இதுதான்: முதலில் நெறிமுறைக் குழுவிடம் தற்காலிக அனுமதி வாங்குங்கள், அதை வைத்து மாகாணத்திடம் போங்கள், அந்தக் கடிதத்தோடு திரும்பி வந்து முழு அனுமதி வாங்குங்கள். விலக்குக் கடிதத்துக்கு ஆறு வாரம், முழுச் சுற்றுக்கு நான்கு மாதம் என்று ஒதுக்கி வையுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை எந்த மேசையும் நகராது. அக்டோபருக்குள் அனுப்பாத விண்ணப்பத்தைப் பிப்ரவரி விண்ணப்பம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதுநிலை ஆய்வுக்கு மருத்துவமனைப் பதிவு தேவையே இல்லை. அதை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. தரவு: எங்கே என்ன கிடைக்கும்

நோய் எண்களுக்குத் தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தின் ஜெர்ம்ஸ்-எஸ்ஏ கண்காணிப்பு ஆண்டறிக்கைகள். மாகாணவாரி, வயதுவாரி, வகைவாரி எண்கள் அதிலேயே இருக்கின்றன, இலவசம். மாதவாரி எண்கள் வேண்டுமானால் தனியே எழுதிக் கேட்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தையும் நெறிமுறைக் கடிதத்தையும் இணைத்தே அனுப்புங்கள். மக்கள்தொகைக்குத் தென்னாப்பிரிக்கப் புள்ளிவிவரத் துறையின் ஆண்டு நடுப்பகுதி மதிப்பீடுகள். யார் யாரோடு எவ்வளவு பழகுகிறார்கள் என்ற வயதுவாரித் தொடர்பு அணிக்கு, நாடுவாரியாகக் கணித்து வெளியிட்ட செயற்கை அணிகளில் தென்னாப்பிரிக்காவும் இருக்கிறது. அதை எடுத்தவுடன் சமச்சீர் பாருங்கள்: 15 வயதினர் 40 வயதினரைச் சந்திக்கும் மொத்த எண்ணிக்கை, 40 வயதினர் 15 வயதினரைச் சந்திக்கும் மொத்தத்துக்குச் சமமாக வர வேண்டும். உங்கள் மக்கள்தொகையை வைத்துப் பெருக்கினால் வராது. இரண்டின் சராசரியை எடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கண்காணிப்பு எண் என்பது நடந்த நோயில் ஒரு பகுதி. முதுகுத்தண்டு நீர் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டால் கிருமி வளராமல் போகலாம், நோயாளி எண்ணிக்கையில் ஏறாமல் விடுபடலாம். அதற்கு ஒரு "பதிவாகும் விகிதம்" வைத்து, அதை நிலையான எண்ணாக அல்லாமல் ஒரு வரம்பாகக் கொடுங்கள்.

5. பெட்டிகளை வரையுங்கள்

கிருமி தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோயே வராது. தொண்டையில் சில மாதம் கிருமியைத் தாங்கியிருந்து, பரப்பிவிட்டு, தாமாகவே விடுபடுவார்கள். பரப்புபவர்கள் இவர்கள்தான், படுக்கையில் விழும் நோயாளியால் பரவுவது மொத்தத்தில் சொற்பம். ஆகவே மக்களை நிலைவாரியாகப் பிரிக்கும் பெட்டிகள் நான்கு: தொற்றக்கூடியவர், தாங்கி, நோயாளி, தற்காலிக எதிர்ப்பு பெற்றவர். ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டவர், போடாதவர் என்று இரண்டு பிரதி. ஒரு வயது இடைவெளியில் 0 முதல் 79 வரை 80 குழுக்கள். மொத்தம் 640 சமன்பாடு. பயப்பட வேண்டாம், மடிக்கணினி சில நொடிகளில் தீர்க்கும்.

வயதுக் குழுவை 0–4, 5–14 என்று அகலமாக வைத்தால் வேலை குறையும் என்று தோன்றும். வைக்காதீர்கள். தொடர்ச்சியாக வயது நகரும் சமன்பாட்டில், நேற்று 5 வயதானவர்களில் ஒரு சிறு பங்கு இன்றே 15 வயதுக் குழுவுக்குப் போய்விடும். குழந்தைக்குப் போட்ட ஊசியின் பாதுகாப்பு, உண்மையில் போகாத பதின்ம வயதுக்குப் போய்ச் சேரும். கைக்குழந்தை உத்தி அநியாயத்துக்கு நன்றாகத் தெரியும். ஒரு வயதுக் குழு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் ஒரு படி ஏற்றுங்கள்.

அலகில் கவனம். தாங்கும் காலம் வளையத்து நாடுகளில் சராசரி 3 மாதம் அளவில் மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய மாதிரிகள் பெரும்பாலும் இதைவிட நீண்ட காலம் வைக்கின்றன. 90 நாள் என்றால் நாள் வீதம் 1/90, அதாவது 0.0111. மாத வீதமான 0.33ஐ நாள் கணக்கில் போட்டுவிட்டு, கிருமி ஏன் உடனே அழிந்துபோகிறது என்று இரண்டு வாரம் தேடுபவர்கள் உண்டு.

தாங்கிகளில் எத்தனை பேர் நோயாளி ஆகிறார்கள் என்ற விகிதத்தை வயதுவாரியாக வையுங்கள். கைக்குழந்தைகளில் தாங்கிகள் குறைவு, நோய் அதிகம். பதின்ம வயதில் தாங்கிகள் அதிகம், நோய் அந்த அளவுக்கு இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐரோப்பா போன்ற இடங்களில் தாங்கிகள் கைக்குழந்தைகளில் சுமார் 4.5 சதவீதம், 19 வயதில் சுமார் 24 சதவீதம். ஆப்பிரிக்க வளையத்தில் உச்சம் பள்ளிச் சிறுவர்களிடம், 5 முதல் 14 வயதில். உங்கள் மாதிரியில் யார் பரப்புகிறார்கள் என்பதை இந்த வளைவு தீர்மானிக்கிறது. இரண்டு வளைவையும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

6. தடுப்பூசியை மாதிரிக்குள் கொண்டுவருவது

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். உத்திகளின் வரிசையை முடிவுசெய்வது மூன்று எண்கள்: ஊசி தொண்டையில் கிருமி தங்குவதைத் தடுக்கிறதா, பாதுகாப்பு எத்தனை ஆண்டு நிற்கிறது, நீங்கள் எத்தனை ஆண்டு வரை கணக்குப் பார்க்கிறீர்கள். மற்ற அளபுருக்களை ஆட்டினால் எண் மாறும். இந்த மூன்றை ஆட்டினால் முதலிடமே மாறும்.

முதல் எண். சர்க்கரையோடு புரதம் இணைத்த ஊசிகள், அதாவது ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கானவை, கிருமி தங்குவதையும் குறைக்கின்றன. 1999இல் பிரிட்டன் சி வகை ஊசியைப் பதின்ம வயதினர் வரை போட்டபோது, போடாதவர்களுக்கும் நோய் குறைந்தது அதனால்தான். பி வகைக்கான புரத ஊசி வேறு. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 35,000 பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில், போட்டவர்களை நோயிலிருந்து காக்கும் அந்த ஊசி, தொண்டையில் கிருமி தங்குவதைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே பி வகை ஊசிக்கு இந்த எண்ணைச் சுழியமாக வைத்துத் தொடங்குங்கள். வைத்தவுடன், பதின்ம வயதினருக்குப் போட்டால் குழந்தைகளும் காப்பாற்றப்படுவார்கள் என்ற கவர்ச்சியான முடிவு காணாமல் போகும். இந்த நாட்டில் பி வகை முன்னுக்கு வந்திருக்கும் நிலையில் இது சின்ன விஷயமல்ல.

இங்கே ஒரு கணக்குப் பொறி. நோய்க்கு எதிரான மொத்தச் செயல்திறன் 85 சதவீதம், தங்குவதற்கு எதிரானது 60 சதவீதம் என்று கட்டுரைகளில் கண்டீர்கள் என்று வையுங்கள். இரண்டையும் அப்படியே மாதிரியில் போட்டால், ஊசி போட்டவர் தாங்கியாவது 0.40 ஆகக் குறையும். தாங்கியான பின் நோயாளியாவது 0.15 ஆகக் குறையும்; பெருக்கினால் 0.06. அதாவது உங்கள் ஊசி 94 சதவீதம் வேலை செய்கிறது! 85தான் மொத்தம் என்றால், தாங்கியான பின் நோய் வராமல் காக்கும் பங்கு 1 − 0.15/0.40 = 0.625 மட்டுமே. மாதிரியில் போக வேண்டியது 0.60, 0.625.

இரண்டாவது எண், பாதுகாப்பு தேய்வது. "சராசரி 10 ஆண்டு" என்று ஒரே வீதமாக வைத்தால், 5 ஆண்டில் 61 சதவீதம் பேருக்கும், 10 ஆண்டில் 37 சதவீதம் பேருக்கும்தான் பாதுகாப்பு மிஞ்சும். போட்ட முதல் ஆண்டிலேயே பத்தில் ஒருவர் இழந்திருப்பார். அதே சமயம் 20 ஆண்டு கழித்தும் 14 சதவீதம் பேர் பாதுகாப்போடு இருப்பார்கள். உண்மை இப்படி வழுவழுப்பாக இருக்காது. ஊசி போட்டவர் பெட்டியை மூன்று அடுத்தடுத்த பெட்டிகளாகப் பிரித்தால் தேய்வு இன்னும் நம்பும்படி வரும். கைக்குழந்தைக்குப் போட்டதும் பெரிய பிள்ளைக்குப் போட்டதும் ஒரே காலம் நிற்காது. இரண்டு தனி எண் வையுங்கள்.

மூன்றாவது, கால எல்லை. பெருமுகாமுக்குப் பின் சில ஆண்டுகள் தேன்நிலவு போல இருக்கும். 10 ஆண்டு வரை மட்டும் பார்த்தால் முகாமே வெல்லும். பாதுகாப்பு தேய்ந்து, ஊசி போடாத குழந்தைகள் பிறந்து சேரும்போது நோய் திரும்பும். 10, 20, 40 ஆண்டு மூன்றுக்கும் முடிவை அருகருகே கொடுங்கள்.

7. உத்திகளை நிரலில் எழுதும்போது

முகாமை ஒரு குறிப்பிட்ட நாளில் நிகழும் பாய்ச்சலாக எழுதுங்கள். 90 சதவீதம் பேருக்கு ஊசி என்றால், தொற்றக்கூடியவர் பெட்டியிலிருந்து மட்டும் 90 சதவீதத்தை நகர்த்துவது தவறு. ஊசி போடுபவருக்கு எதிரே நிற்பவர் தாங்கியா, எதிர்ப்பு பெற்றவரா என்று தெரியாது. எல்லாப் பெட்டியிலும் 90 சதவீதம் நகர வேண்டும். இல்லாவிட்டால் டோஸ் எண்ணிக்கை குறைந்து, செலவும் குறைந்து, முகாம் மலிவாகத் தோன்றும்.

முகாமில் வராதவர்தான் அட்டவணை ஊசியையும் தவறவிடுவார். இரண்டையும் தனித்தனி நிகழ்தகவாகப் பெருக்கினால், 80 சதவீதமும் 80 சதவீதமும் சேர்ந்து 96 ஆகிவிடும். நகரத்துக்கு வெளியே கிளினிக் எட்டாத குடும்பங்கள் இரண்டிலும் விடுபடுவார்கள். "ஒருபோதும் எட்டாதவர்" என்று ஒரு தனிப் பங்கு வைத்தால் இந்தக் கோளாறு போகும்.

8. பொருத்துதலும் சோதனையும்

மாதிரியை உண்மையான நோய் எண்களோடு பொருத்தும் முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள், ஒரு மத்தியானம் போதும். பரவல் வீதத்தைச் சுழியமாக்கினால் தாங்கிகள் வடிந்து போக வேண்டும். செயல்திறனைச் சுழியமாக்கி ஊசி போட்டால், போடாத ஓட்டமும் போட்ட ஓட்டமும் ஏறக்குறைய கடைசி இலக்கம் வரை ஒன்றாக வர வேண்டும். எல்லாப் பெட்டியின் கூட்டல் எந்த நாளும் மக்கள்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். புதிய நோயாளிகளை எண்ண ஒரு கூட்டுப் பெட்டி வையுங்கள். நோயாளிப் பெட்டியின் தினசரி அளவைக் கூட்டினால், ஒரு வாரம் படுத்தவரை ஏழு பேராக எண்ணுவீர்கள்.

ஊசியைத் தொடங்கும் முன் மாதிரி குறைந்தது 100 ஆண்டு ஓடி நிலைப்பட வேண்டும். நிலைப்படாத மாதிரியில் தானாக இறங்கும் வளைவை ஊசியின் பலன் என்று எழுதிவிட நேரும்.

பின்ன மனிதர்களையும் கவனியுங்கள். பெருமுகாமுக்குப் பின் தாங்கிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தில் ஒரு பங்கு மனிதர் என்று இறங்கும். சமன்பாடு அந்தத் துணுக்கை உயிரோடு வைத்திருந்து, 12 ஆண்டு கழித்து ஒரு கொள்ளைநோயை எழுப்பும். உண்மையில் அந்தத் துணுக்கு என்றால் யாருமே இல்லை. நோய் வந்தால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முழு எண்களில் நடக்கும் நிகழ்தகவு மாதிரிக்கு மாறி, ஜொகனஸ்பர்க்கிலிருந்து வாரத்துக்கு ஓரிரு தாங்கிகள் வருவதாக வையுங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு நோய் ஏறி இறங்குவதை ஒரே பருவகால அலையால் பிடிக்க முடியாது. பரவல் வீதத்தை ஆண்டுதோறும் சற்றே தற்செயலாக மாற்றுங்கள். உத்திகளை ஒப்பிடும்போது எல்லா உத்திக்கும் அதே தற்செயல் எண் வரிசையைக் கொடுங்கள். ஓட்டம் 1இல் உத்தி அ, உத்தி ஆ இரண்டும் அதே கெட்ட ஆண்டுகளைச் சந்திக்கட்டும். வித்தியாசத்தை ஓட்டவாரியாக எடுத்தால் 500 ஓட்டம் போதும். தனித்தனியாக ஓட்டினால் பல ஆயிரம் ஓட்டியும் உத்திகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே தெரியும்.

9. செலவுக் கணக்கு

அரசுத் திட்டத்தைக் கணக்கிடும்போது தனியார் மருந்தகத்தின் ஒற்றை வெளியேற்ற விலையை (உற்பத்தியாளர் தனியார் எல்லோருக்கும் விற்கும் ஒரே விலை) போடாதீர்கள்; அரசு கொள்முதல் பட்டியல் விலை வேறு. பட்டியலில் இல்லாத ஊசிக்கு விலையை ஒரு வரம்பாக வையுங்கள். விலையோடு ஊசி, சிரிஞ்ச், குளிர்சாதனம், செவிலியர் நேரம், பள்ளிக்குப் போகும் வண்டி, வீணாவது. பல டோஸ் புட்டியைக் கலக்கிய பின் 6 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சிறிய கிளினிக்கில் பாதி புட்டி குப்பைக்குப் போகும், பெருமுகாமில் ஏறக்குறைய வீணே இல்லை. உத்திக்கு உத்தி வீணாகும் விகிதம் வேறு என்று வையுங்கள். கைக்குழந்தைக்குப் பெரும்பாலான ஊசிகளில் ஒன்றுக்கு மேல் டோஸ் வேண்டும், பதின்ம வயதினருக்கு ஏ, சி, டபிள்யூ, ஒய் ஊசியில் ஒன்று போதும், பி வகை ஊசியில் ஒன்று போதாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிழைத்தவர்களின் செலவு முக்கியம். சிகிச்சை பெற்றும் பத்தில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள். பிழைப்பவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குக் காது கேளாமை, உறுப்பிழப்பு, மூளைப் பாதிப்பு தங்கிவிடுகிறது. அவர்களின் வாழ்நாள் பராமரிப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எந்த ஊசியும் வீண் செலவாகத்தான் தெரியும்.

இப்போது ஒப்பீடு. கற்பனை எண்களில் பாருங்கள். ஊசி இல்லாமல் மொத்தச் செலவு 4 கோடி ரேண்ட். கைக்குழந்தை உத்திக்கு 24 கோடி, தவிர்ப்பது 2,000 டாலி (இழந்த நலவாழ்வு ஆண்டு). பதின்ம வயது உத்திக்கு 29 கோடி, 3,500 டாலி. இரண்டும் சேர்த்தால் 50 கோடி, 4,200 டாலி.

எல்லாவற்றையும் "ஊசி இல்லை" என்பதோடு ஒப்பிட்டால், ஒரு டாலிக்கு முறையே 1,00,000, 71,429, 1,09,524 ரேண்ட் வரும். மூன்றும் ஏதோ பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. இது தவறான முறை. செலவு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் முந்தையதோடு ஒப்பிட வேண்டும். கைக்குழந்தையிலிருந்து பதின்ம வயதுக்கு மாற கூடுதல் டாலிக்கு 33,333தான். முந்தைய படியின் 1,00,000ஐவிடக் குறைவு. ஆகவே கைக்குழந்தை உத்தி பட்டியலிலிருந்து நீங்குகிறது. பதின்ம வயது 71,429. அதிலிருந்து இரண்டும் சேர்த்த உத்திக்குப் போக, கூடுதலாக 21 கோடி கொடுத்து 700 டாலிதான் கிடைக்கிறது: ஒன்றுக்கு 3,00,000. முதல் முறையில் 1,09,524 என்று மறைந்திருந்தது இதுதான்.

ஒரு டாலிக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்ற எல்லைக்கோடு எது? ஆள்வீத உள்நாட்டு உற்பத்தியின் மூன்று மடங்கு என்ற பழைய வாய்பாட்டை விட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கென்று 2020இல் வெளிவந்த மதிப்பீடு ஒரு டாலிக்கு சுமார் 38,500 ரேண்ட், 2015ஆம் ஆண்டு அடிப்படையில். விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ள வேண்டும். இங்கே எளிமைக்காக அப்படியே எடுத்தால், நம் எடுத்துக்காட்டில் எதுவும் தேறவில்லை. அதோடு நிறுத்தாமல், எந்த விலையில் தேறும் என்று சொல்லுங்கள். பதின்ம வயது உத்திக்குக் கூடுதல் செலவு 25 கோடி, அதில் ஊசி விலை 18 கோடி என்று வையுங்கள். அனுமதிக்கும் கூடுதல் செலவு 3,500 × 38,500 = 13.475 கோடி. ஊசிக்கு மிஞ்சுவது 6.475 கோடி, விலை 64 சதவீதம் இறங்க வேண்டும். கொள்முதல் பேச்சுக்குப் போகிறவருக்கு இந்த ஒரு எண் உங்கள் முப்பது வரைபடத்தைவிடப் பயன்படும்.

வருங்காலச் செலவையும் பலனையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி வீதம் இந்த நாட்டின் மருந்துப் பொருளாதார வழிகாட்டுதல்படி 5 சதவீதம். உலக அளவிலான ஆய்வுகள் 3 சதவீதம் வைக்கும். இரண்டையும் காட்டுங்கள். குழந்தைக்குக் காது கேளாமல் போவதால் வரும் இழப்பு 60 ஆண்டுக்குப் பரவியிருப்பதால், இந்த இரண்டு சதவீதத்திலேயே முடிவு புரளலாம்.

10. கணினியும் மின்வெட்டும்

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ஆர் (R) நிரல் மொழியும், சமன்பாடு தீர்க்கும் அதன் டிசால்வ் (deSolve) தொகுப்பும் இலவசம். நிகழ்தகவு ஓட்டங்களுக்குக் கேப் டவுனில் உள்ள உயர்திறன் கணிப்பு மையத்தைப் பொதுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. வழிகாட்டி ஒரு ஆய்வுத் திட்டத்தைப் பதிவுசெய்து, அதன் கீழ் உங்களைச் சேர்க்க வேண்டும். அதையும் மூன்றாவது படியோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக் கணினியில் ஓட்டுவதானால் 50 ஓட்டத்துக்கு ஒருமுறை முடிவைக் கோப்பில் சேமிக்கும்படி எழுதுங்கள். லோட் ஷெடிங் இல்லாத மாதங்கள் வந்தாலும், தெரு மின்மாற்றி எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்தின் தற்செயல் விதை எண்ணையும் (தற்செயல் எண் வரிசையைத் தொடக்கும் எண்) கூடவே எழுதி வைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

11. எழுதி அனுப்புவது

பொருளாதாரப் பகுதிக்கு சீயர்ஸ் (CHEERS) 2022 சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி இணையுங்கள். பெரும்பாலான ஆய்விதழ்கள் கேட்கும். அளபுரு அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு, வரம்பு, எடுத்த இடம் மூன்றும் வேண்டும். கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆய்விதழ் கேட்கும் திறந்த அணுக்கக் கட்டணம் மாணவர் கையிலிருந்து கட்டும் தொகை அல்ல. இங்குள்ள பல்கலைக்கழக நூலகங்கள் சான்லிக் கூட்டமைப்பு வழியாகச் சில பதிப்பகங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. தொடர்பு ஆசிரியர் இங்குள்ள பல்கலைக்கழக மின்னஞ்சலோடு அனுப்பினால்தான் அது செல்லும். கட்டுரை ஏற்கப்பட்ட பின் தொடர்பு ஆசிரியரை மாற்ற ஒப்பமாட்டார்கள் என்பதால், அனுப்பும் முன்பே நூலகத்தில் ஆய்விதழின் பெயரைக் காட்டிக் கேளுங்கள். ஆண்டுக் கடைசியில் சில ஒப்பந்தங்களின் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். செப்டம்பருக்கு முன் அனுப்பிவிடுவது நல்லது.